சன்ஷேடு அரசங்கன்றும் மூன்று நூல்கண்டும்

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுப் பின்பக்கச் சன்ஷேடு விரிசலில் ஓர் அரசங்கன்று இருக்கிறது. காக்கையோ மைனாவோ போட்ட எச்சத்தில் முளைத்தது. ஒன்றரை அடி உயரம்கூட வராது. மாசி முழுக்க மொட்டைக் குச்சியாக நின்றது. "வெட்டினா பாவம், விட்டா செவுரு போச்சு" என்று அத்தை இரண்டு வருஷமாகச் சொல்கிறார். அதனால் அது அங்கேயே இருக்கிறது.

பங்குனி 2. துணி காயப்போடப் போனபோது நிமிர்ந்து பார்த்தேன். நாலு தளிர் விட்டிருந்தது. சிவப்பு என்றும் சொல்ல முடியாது, பழுப்பு என்றும் சொல்ல முடியாது. புளி போட்டுத் துலக்கிய செம்புச் சொம்பை வெயிலில் கவிழ்த்தால் ஒரு நிறம் வருமே, அது. இலை விறைப்பாகவும் இல்லை, ஈரத்துணி மாதிரி தொங்கியது. பச்சையம் நிரம்புவதற்கு முன்னால் ஆந்தோசயனின் என்ற நிறமி மேலோங்கி இருப்பதால் இந்தச் செம்மை.

ஆறு மாதமாக என் எம்பிராய்டரி ஃப்ரேம் அலமாரியில் தூங்கியது. போனில் பார்த்த ரோஜாவையே எத்தனை முறை போடுவது? அன்றைக்கே ஒரு தளிரைப் பறித்துக் காகிதத்தில் வரைந்து, வால் நுனியோடு கத்தரித்து அச்சு எடுத்துக்கொண்டேன்.

பங்குனி 3. லாங் பஜாரில் காடா துணி அரை மீட்டரும் மூன்று நூல்கண்டும் வாங்கினேன். செங்கல் நிறம், வெளிர் ரோஸ், கருஞ்சிவப்பு. ஒரு விஷயம்: டியூப் லைட்டில் நூல் நிறத்தை நம்பாதீர்கள். கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வாசல் வெயிலுக்கு எடுத்துப் போய்ப் பார்த்தேன். உள்ளே செம்பாக இருந்தது வெளியே அசல் செங்கல். கடைசியில் ஒரு நூலிலும் அந்த நிறம் இல்லை. கண்டில் ஆறு இழை இருக்கும். அதைப் பிரித்து, செங்கலில் இரண்டு, ரோஸில் ஒன்று என்று ஒரே ஊசியில் கோத்தேன். பிரித்த இழைகளைச் சேர்த்துத் தைக்கும்போது நிறம் தானே கலந்து கண்ணுக்குச் செம்பாகத் தெரிகிறது. இது தெரியாமல் இத்தனை வருஷம் கடை நிறத்தையே தைத்திருக்கிறேன்.

முதல் இலை சொதப்பல். நடு நரம்பிலிருந்து ஓரம்வரை ஒரே நீள சாட்டின் தையல் போட்டேன். அரச இலை நடுவில் அகலம், நூல் தொளதொளவென்று நின்று வளையலில் மாட்டியது. பிரித்துவிட்டு, நீளம் ஒன்று குட்டை ஒன்று என்று இரண்டு வரிசையாக மாற்றிப் போட்டபிறகுதான் படிந்தது. வேலூர் வெயிலில் இன்னொரு தொல்லை, விரல் வியர்வையில் ஊசி வழுக்கும். கையில் கொஞ்சம் பவுடர் தடவிக்கொண்டால் சரி.

பங்குனி 7. பாதி இலைதான் முடிந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க மேலே பார்த்தால் கன்றில் செம்பைக் காணோம்! எண்ணெய் விட்ட மஞ்சள்பச்சை ஆகியிருந்தது. எரிச்சல்தான் முதலில் வந்தது. அப்புறம் முடிவு செய்தேன்: இந்த இலை செம்பாகவே இருக்கட்டும், பக்கத்தில் இன்றைய நிறத்தில் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. ஐந்து இலை வரிசை.

ஞாயிறு. கேக். எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது, குக்கர்தான். காஸ்கெட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, அடியில் உப்பு பரப்பி, பத்து நிமிஷம் சூடாக்கினேன். கோதுமை மாவு ஒன்றரை கப், வெல்லத்தூள் ஒரு கப், தயிர், எண்ணெய், சோடா உப்பு அரை டீஸ்பூன். சிம்மில் நாற்பது நிமிஷம். போன தடவை இருபதாவது நிமிஷமே மூடியைத் திறந்து நடுவில் குழி விழுந்தது. இந்த முறை கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

காகித அச்சு மேஜையில் கிடந்தது. இலை போன ஓட்டைக் காகிதத்தைக் கேக் மேல் வைத்துச் சர்க்கரைப் பொடி சலித்தேன். ஆறுவதற்குப் பொறுமை இல்லை. வெதுவெதுப்பான கேக்கில் பொடி உருகி, வெள்ளை இலை ஐந்து நிமிஷத்தில் காணாமல் போனது. மகன் கூப்பிட்டான்: "அம்மா, இங்க வந்து பாரு." உருகிய இடம் மட்டும் பளபளவென்று கருஞ்செம்பாக, வால் நுனியோடு, ஈர இலை மாதிரி நின்றது. நூலில் மூன்று இழை கலந்து தேடிய நிறம் வெல்லத்தில் கிடந்தது! முதல் துண்டை வெட்ட மனசு வரவில்லை, அத்தைதான் வெட்டினார்.

பங்குனி 15. ஓரத்துக்கு என்ன போடலாம் என்று கோட்டைக்குப் போனேன். ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில் எல்லோரும் யாளித் தூண்களைப் பார்ப்பார்கள். நான் கழுத்து வலிக்க விதானத்துக் கிளிகளையே பார்த்தேன். வட்டமாகத் தலைகீழாகத் தொங்குகின்றன. வீட்டுக்கு வந்து ஒரு கிளி தைத்தேன். "குண்டுக் கோழி" என்றான் மகன். பிரித்தாயிற்று. ஓரத்துக்கு வெறும் சங்கிலித் தையலே போதும்.

இப்போது நாலு இலை முடிந்திருக்கிறது: செம்பு, மஞ்சள்பச்சை, கிளிப்பச்சை, முழுப்பச்சை. ஐந்தாவதுக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன், என்ன நிறமென்று தெரியாது. விரிசலைப் பூசக் கொத்தனார் புதன்கிழமை வருகிறார். கன்றை வேரோடு பெயர்த்துத் தரும்படி அத்தையே சொல்லிவிட்டார். மண்தொட்டி ஒன்று வாங்க வேண்டும்.