டைகர் ஒண்டும் செய்யாது

நாய் வளர்க்கிறவங்க எல்லாரும் பாடமாக்கி வைத்திருக்கும் ஒரு வசனம், "அது ஒண்டும் செய்யாது". மட்டக்களப்பின் படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைப் பக்கம் இருக்கும் எங்கள் ஒழுங்கையில், பக்கத்து வளவு மாமா இதைப் படலையை அகலத் திறந்து வைத்துவிட்டு, தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றுதான் சொல்வார். அவருக்கு டைகர் பிள்ளை மாதிரி. சரி, இருக்கட்டும். ஆனால் அது எங்கட வீட்டுச் சினை ஆட்டுக்குத் தெரியாதே! துரத்துகிற நாய் விளையாடுதா கடிக்க வருதா என்று ஆடு நின்று விசாரிக்காது, ஓடும், ஓடினால் நாய்க்கு இன்னும் குஷி, கடைசியில் பல்லே படாமல் குட்டி கலைந்துபோகவும் கூடும்.

போன மாதம் டைகர் அதே ஒழுங்கையில் இருக்கும் இன்னொரு வீட்டு மாமியின் அடைக்கோழியைப் பிடித்துவிட்டது. இருபத்தோரு நாள் அடையில் பொரிக்க இன்னும் கொஞ்ச நாள்தான் பாக்கி. கூட்டில் முட்டைகள் ஆறிப்போய்க் கிடந்தன. மாமி சத்தம் போட்டுக்கொண்டு போய்ப் படலையில் நிற்க, மாமா வழமைபோலத் தொடங்கினார்.

"டைகர் அப்படிச் செய்யாது கா, கீரி ஏதும் வந்திருக்கும்."

டைகர் பின்னால் வந்து நின்றது. வாயோரத்தில் ஒரு சிவப்பு இறகு. மாமா கேட்காமலே நாக்கால் அதைத் துடைக்கப் பார்த்தது, ஆனால் இறகு மூக்கில் ஒட்டிக்கொண்டது.

மறுகா மாமி கணக்குச் சொல்லத் தொடங்கினார். கோழி ஒன்று. அடையில் பதினொரு முட்டை, அதெல்லாம் குஞ்சு. அதில பாதி பேடு, பேடு எல்லாம் வளர்ந்து முட்டை போடும், அந்த முட்டை எல்லாம் அடை வைத்தால்... மாமா கையை உயர்த்தினார். "பொறு கா, பொறு, நீ என்ட வளவையே எழுதி வாங்கிருவ போல!"

சத்தம் கேட்டு ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒருவரும் வந்து சேர்ந்தார், அவர் வந்தால் சட்டமும் கூடவே வரும். நாய்ப் பதிவுக் கட்டளைச் சட்டம் 1901ஆம் ஆண்டே வந்துவிட்டது, விசர் நோய்க்கு அதற்கும் முந்தி 1893இல் ஒன்று, டைகரைப் பதிந்தாயா, ஊசி போட்டாயா என்று மாமாவை வரிசையாகக் கேட்டார். மாமா தேத்தண்ணியைப் பார்த்தார். மாஸ்டர் விடவில்லை. விசர் நாய் கடித்தால் ஆட்டுக்கும் மாட்டுக்கும் அந்த நோய் வரும், மாடு தொண்டையில் ஏதோ சிக்கினதுபோல வீணி வடித்துக்கொண்டு நிற்கும், நாங்களும் பாவம் என்று வாய்க்குள் கையை விடுவோம், பிறகு எங்களுக்கும் ஊசிதான் என்றார். அந்த இடத்தில் மட்டும் யாரும் சிரிக்கவில்லை. என்னைக் கேட்டால் அந்த மனிசன் சொன்னது சரிதான்.

ஆனால் மாமாவைத் திருத்தியது சட்டமுமில்லை, மாமியின் கணக்குமில்லை. பெரும்போக வெள்ளாமை வெட்டி முடிந்து, மாட்டுப் பட்டிகள் வயலுக்குள் இறங்கிய நேரம். மாமா வரம்பில் நடக்க, முன்னால் கட்டாத டைகர். புதுக் கன்றோடு நின்ற ஒரு பசுவின் பக்கம் போய்க் குரைத்தது. பசு குரைப்பைக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை, தலையைக் குனிந்தது. டைகர் நேராக ஓடி வந்தது தன் எஜமானின் காலடிக்குத்தான், பின்னால் பசுவும்!

பட்டிக்காரப் பொடியன் தூரத்தில் நின்று கத்தினான். "மாமா, பயப்படாதீங்க, அது ஒண்டும் செய்யாது!"

மாமா வாய்க்காலுக்குள் பாய்ந்தார். சாரன் கரையில் ஒரு முள்ளில் மாட்டிக்கொண்டது. டைகர் அதற்கு முன்னமே வளவுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது, மாமா வருகிறாரா என்று திரும்பியும் பார்க்கவில்லையாம்.

இப்போது படலை சாத்தியிருக்கிறது, டைகர் சங்கிலியில், ஊசியும் போட்டாயிற்று. இரவில் ஊளையிடுகிறது என்று ஒழுங்கையில் புது முறைப்பாடு. போன கிழமை மாமா ஒரு நல்ல பேட்டுக்கோழியோடு மாமியின் வாசலுக்கு வந்தார். மாமி வாங்கிப் பாரம் பார்த்தார், காலைக் கட்டிக் கூட்டுக்குள் விட்டார்.

"கோழி சரி. முட்டை பதினொண்டும் எப்ப தாறீங்க?"