கழுவக் கூடாத கறைகள்

லண்டனில் பழைய நூல் வணிகர் ஒருவரிடம் விற்பனைப் பட்டியல் எழுதுவது என் வேலை. பெரும்பாலும் எபிரேய நூல்கள், அதிலும் மஹ்சோர். ரோஷ் ஹஷானா என்கிற புத்தாண்டு, யோம் கிப்பூர் நோன்பு, மற்றப் பண்டிகைகள் எல்லாவற்றுக்கும் யூதர்கள் கையில் எடுக்கும் பிரார்த்தனைப் புத்தகம் அது.

கொண்டுவருகிறவர்கள் முதலில் கேட்பது, எவ்வளவு பழசு என்று. பல பதிப்புகளில் ஆண்டு எண்ணாக இருக்காது. தலைப்புப் பக்கத்தில் ஒரு வேத வசனத்தைப் போட்டு, சில எழுத்துகளை மட்டும் பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். எபிரேயத்தில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் மதிப்பு உண்டு. பெரிதாக்கிய எழுத்துகளின் மதிப்பைக் கூட்டி 1240 சேர்த்தால் நம் ஆண்டு வரும். கூட்டுத்தொகை 560 என்றால் 1800. ஆனால் வயதை மட்டும் வைத்து விலை சொல்ல முடியாது. பிராங்பர்ட் அருகே ரோடல்ஹைமில் வோல்ஃப் ஹைடன்ஹைம் 1800 முதல் 1802 வரை ஒன்பது தொகுதிகளாக வெளியிட்ட மஹ்சோர், பிறகு திரும்பத் திரும்ப அச்சானது. தாத்தாவின் சொத்து என்று அதன் பிந்தைய பதிப்பைப் பொத்திக் கொண்டுவருகிறவரிடம் சொற்ப விலையைச் சொல்வது எனக்கு இன்றும் கஷ்டமான வேலை. இடைக்காலத்தில் பவேரியாவில் கையால் எழுதப்பட்ட லுசாட்டோ மஹ்சோரோ 2021-இல் நியூயார்க் ஏலத்தில் 83 லட்சம் டாலருக்குப் போனது.

சேகரிப்பவர்களில் பலர் சுத்தமான பிரதிதான் வேண்டும் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தேய்ந்துபோன புனித நூலைக் குப்பையில் போடாமல் மண்ணில் புதைப்பது யூத வழக்கம். ஆக, நன்றாகப் புழங்கிய மஹ்சோர் தப்பி நம் கைக்கு வருவதே அபூர்வம். இந்த ஆண்டு யார் வாழ்வார், யார் சாவார் என்று கேட்கும் 'உனத்தானே தோகெஃப்' பக்கத்தின் ஓரம் விரல் பட்டுக் கறுத்திருக்கும். யோம் கிப்பூர் இரவுப் பக்கங்களில் மெழுகு சொட்டியிருக்கும். அட்டைக்குள் பிள்ளைகள் பிறந்த நாள், பெற்றோர் இறந்த நாள். நம் வீட்டுப் பழைய பைபிள்களிலும் இப்படி எழுதிவைத்ததைப் பார்த்திருக்கிறேன். இவற்றைக் கழுவி, புது அட்டை போட்டுக் கொடுங்கள் என்று யாராவது கேட்டால், வேண்டாம் என்று வாதாடுவேன்.

16-ஆம் நூற்றாண்டு இத்தாலியப் பிரதிகள் இன்னொரு ரகம். திருச்சபையின் தணிக்கையாளர் மையால் அடித்த வரிகளும், கடைசிப் பக்கத்தில் அவர் கையெழுத்தும் இருக்கும். யூதராகப் பிறந்து கிறிஸ்தவரான டொமினிக்கோ ஜெரோசோலிமிட்டானோவின் கையெழுத்து இப்படிப் பல நூல்களில் உண்டு. சில பிரதிகளில் அந்த மை வெளுத்து, அடித்த வரியை மறுபடி படிக்க முடிகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு சந்தோஷம். வேறு சிலவற்றில் மை காகிதத்தையே அரித்துவிட்டது.

பழைய உடைமையாளர்கள் புத்தகத்தில் குத்திய முத்திரைகள் விஷயத்தில்தான் எனக்கு நிதானம் அதிகம். நாஜிகள் கொள்ளையடித்த லட்சக்கணக்கான யூத நூல்களை 1946-இல் அமெரிக்க ராணுவம் ஜெர்மனியின் ஒஃபன்பாக் நகரில் குவித்து, உரியவர்களைத் தேடியது. உரிமை கோர யாரும் மிஞ்சாதவற்றைப் பிற்பாடு இஸ்ரேல், அமெரிக்க நூலகங்களுக்கும் பிற நாடுகளுக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். அப்போது கணக்கில் வராமல் போன நூல்களும் உண்டு. அதனால் ஒரு ஜெபக்கூடத்தின் முத்திரையைப் பார்த்தால் அந்த ஊரையும் சமூகத்தையும் விசாரித்த பிறகே விலை போடுகிறோம். வாரிசு அமைப்பு இருந்தால் அவர்களுக்குத்தான் முதலில் கடிதம். முத்திரையைச் சுரண்டிய தடம் தெரிகிற புத்தகத்தைப் பட்டியலில் சேர்ப்பதே இல்லை. முதலாளியும் இதில் என் பக்கம்தான்.