மூன்றாம் மாடியில் நிற்காத லிஃப்ட்

பல துறை மாணவர்கள் கணினியில் ஒரு முப்பரிமாண வார்டுக்குள் ஆளுக்கொரு பொம்மை உருவமாக (அவதார்) நுழைந்து, ஒரு நோயாளியைச் சேர்ந்து கவனிக்கும் மெய்நிகர் பயிற்சி இந்த ஆண்டு உங்களுக்கும் இருக்கிறதா? நோயாளியைப் பற்றி அப்புறம் கவலைப்படலாம். முதலில் உங்களால் உள்ளே நுழைய முடிகிறதா என்று பாருங்கள்.

நான் சிங்கப்பூரில் தாதிமை (நர்சிங்) மூன்றாம் ஆண்டு மாணவி. மருத்துவம், ஃபார்மசி, பிசியோ, மருத்துவச் சமூகப்பணி, தாதிமை என்று துறைக்கு ஒருவராக எங்கள் குழுவை அமைத்திருந்தார்கள். அழைப்பு மின்னஞ்சலின் உச்சியில் உலகச் சுகாதார நிறுவனத்தின் 2010ஆம் ஆண்டு அறிக்கையிலிருந்து ஒரு வரி: வெவ்வேறு துறையினர் ஒருவரைப் பற்றி ஒருவர், ஒருவரிடமிருந்து ஒருவர், ஒருவரோடு ஒருவர் கற்க வேண்டுமாம். நல்ல விஷயம்தான். ஆனால் லிங்க்கைப் போட மறந்துவிட்டார்கள். அது பயிற்சிக்கு முந்தைய நாள் சாயங்காலம்தான் வந்தது.

பிசியோ மாணவி நம்மவள், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அவள் படிப்பது வேறு கல்வி நிலையத்தில் என்பதால் அவளுடைய மின்னஞ்சல் முகவரியை அந்தத் தளம் ஏற்கவே இல்லை. உதவி மையத்தைக் கேட்டால் "உங்கள் நிலையத்தைக் கேளுங்கள்" என்றார்கள். அவர்களைக் கேட்டால் "நடத்துபவர்களைக் கேளுங்கள்" என்றார்கள். "அக்கா, என்னைப் பந்தாடுறாங்க" என்று இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் அழாத குறை. கடைசியில் இரண்டு தரப்பையும் ஒருங்கிணைப்பாளரையும் ஒரே மின்னஞ்சலில் சேர்த்து, யார் யார் என்ன பதில் சொன்னார்கள் என்பதையும் கீழே ஒட்டி அனுப்பச் சொன்னேன். மறுநாள் காலையில் தொழில்நுட்பப் பிரிவிலிருந்து ஒருவர் அழைத்தார். விருந்தினர் கணக்கு ஒன்றைத் திறந்து கொடுக்க அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தனித்தனியாகக் கேட்டால் உங்களைத் தட்டிக் கழிப்பார்கள். மூன்று பேரையும் ஒரே கடிதத்தில் வைத்தால் யாராவது ஒருவர் வெட்கப்பட்டு வேலையை முடித்துவிடுவார்.

என் கதை லேப்டாப். என் பழைய பெட்டியில் அந்த முப்பரிமாண வார்டு திறந்ததுமே உறைந்துவிட்டது. "வளாகக் கணினிகளைப் பயன்படுத்தலாம்" என்று மின்னஞ்சலில் இருந்ததை நம்பி, போஸ்டிங்கில், அதாவது மருத்துவமனைப் பயிற்சியில், காலைப்பணி முடிந்த கையோடு எம்ஆர்டி ரயில் ஏறிப் போனேன். கணினிக் கூடத்தில் இருந்தவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "இதில் எந்த மென்பொருளும் ஏற்ற அனுமதி இல்லை" என்றார். அப்படியானால் மின்னஞ்சலில் ஏன் போட்டார்கள் என்றதற்கு, "அனுப்பியவர்களைக் கேளுங்கள்." உட்லண்ட்ஸுக்குத் திரும்பும் வழியெல்லாம் வயிறு எரிந்தது. மாமா மகன் கேம் விளையாட வாங்கிய லேப்டாப்தான் மானத்தைக் காப்பாற்றியது. எட்டு மணிக்குள் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு.

இனி நோயாளி. எழுபது கடந்த தாத்தா. கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்தவர். முதலில் படுக்கையருகே எல்லாரும் கூடிப் பேச வேண்டும், பிறகு மகளோடு குடும்பச் சந்திப்பு. மகளாகப் பேசியவர் ஒரு நடிகை. ஆளுக்கொரு குறிப்புத்தாள் தருவார்கள். ஒருவருடைய தாள் மற்றவருக்குத் தெரியாது. ஒவ்வொன்றிலும் வேறு வேறு தகவல் இருக்கிறது என்பதை நடத்துபவர்கள் வாய்திறந்து சொல்லவே மாட்டார்கள். இது முக்கியம், மனதில் வையுங்கள்.

மருத்துவ மாணவர் ஆரம்பித்த வேகத்தில் முடித்தார்: காயம் ஆறுகிறது, காய்ச்சல் இல்லை, நாளைக்கு வீட்டுக்கு அனுப்பலாம். என் தாளிலோ, விடியற்காலையில் எழுந்து நின்றபோது தாத்தாவுக்குத் தலைசுற்றியது என்று இருந்தது. படுத்திருக்கையில் மேல் ரத்த அழுத்தம் 138, நின்றதும் 112. இருபதோ அதற்கு மேலோ இறங்கினாலே கவனிக்க வேண்டும் என்பது நமக்கெல்லாம் பாலபாடம். நான் யார், நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்று வரிசையாகத் தகவல் சொல்லும் ஐ-எஸ்பார் முறையில் ஒழுங்காகச் சொன்னேன். (அதன் மூல வடிவமான எஸ்பார் அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவமனைக்கு வந்ததாம். அன்றைய ஒலித்தரத்தைக் கேட்டிருந்தால் நம்புவீர்கள்.)

பதிலே இல்லை. நிஜ வார்டாக இருந்தால் டாக்டர் தலையாட்டுவார், இல்லாவிட்டால் முகத்தையாவது சுளிப்பார். இங்கே ஒரு பொம்மை சுவரைப் பார்த்து நின்றது. தள்ளி நின்றால் குரல் மங்கிவிடும்படி அந்தத் தளத்தை அமைத்திருக்கிறார்கள். அவருடைய அவதார் கதவோரம் நின்றது. எனவே முதல் வேலையாக எல்லாரையும் கட்டிலைச் சுற்றி நிற்க வையுங்கள். பேசுமுன் யாரிடம் பேசுகிறீர்கள் என்று கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

"டாக்டர், உங்களிடம்தான் சொல்கிறேன். நான் சொன்ன இரண்டு அளவுகளையும் திருப்பிச் சொல்லுங்கள்" என்றேன். சொன்னார். சொல்லிவிட்டு, "தண்ணீர் குறைந்திருக்கும், நாளைக்குச் சரியாகிவிடும்" என்றார். அப்போதுதான் 2006இல் அமெரிக்காவில் வெளிவந்த, மருத்துவக் குழுக்கள் சேர்ந்து வேலை செய்யக் கற்றுத்தரும் டீம்ஸ்டெப்ஸ் பயிற்சியின் மூன்று படிகளைக் கையில் எடுத்தேன்: எனக்குக் கவலையாக இருக்கிறது, இப்படி அனுப்ப எனக்கு மனம் ஒப்பவில்லை, இது நோயாளியின் பாதுகாப்புப் பிரச்சினை. வகுப்பில் ஒப்பித்தபோது நாடக வசனம் மாதிரி சிரிப்பு வந்தது. இங்கே மனிதர் நின்றுவிட்டார். உண்மையைச் சொன்னால், போஸ்டிங்கில் ஒரு டாக்டரிடம் "திருப்பிச் சொல்லுங்கள்" என்று கேட்கும் துணிச்சல் எனக்கு இன்னும் வரவில்லை. பொம்மைக்குப் பின்னால் இருந்ததால் வந்தது.

அடுத்து ஃபார்மசி மாணவியைக் கூப்பிட்டு, புதிதாக ஏதாவது மருந்து தொடங்கியிருக்கிறார்களா என்று கேட்டேன். அதுவரை மரியாதையாக வாய்மூடி இருந்தவள், "டாம்சுலோசின், சிறுநீர் வடிகுழாயை எடுத்த பிறகு தொடங்கியது. ரத்த அழுத்த மாத்திரையும் ஓடுகிறது" என்றாள். சிறுநீர் எளிதாகப் போகக் கொடுக்கும் டாம்சுலோசின், ஆள் எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தத்தை இறக்கக்கூடியது. எழுதிக் கொடுத்தவருக்குத் தெரியாதா என்று நினைத்து அவள் சொல்லாமல் இருந்திருக்கிறாள்.

பிசியோ தங்கை: வாக்கரோடு சமதளத்தில் பதினைந்து மீட்டர், படிக்கட்டு இன்னும் முயலவில்லை. கடைசியாகச் சமூகப்பணி மாணவர் தாளைப் பார்த்து மெல்லப் படித்தார்: மனைவியோடு பழைய வீவக (அரசாங்க வீடமைப்புக் கழக) அடுக்குமாடி வீட்டில், மூன்றாம் மாடி, லிஃப்ட் ஒன்று, ஐந்து, ஒன்பதில் மட்டும் நிற்கும்.

"ஐயோ!" என்று மைக்கிலேயே தமிழில் கத்திவிட்டாள் தங்கை. லிஃப்ட் மேம்பாட்டுத் திட்டம் 2001இல் தொடங்கி இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும், எல்லா மாடியிலும் நிறுத்த முடியாத புளோக்குகள் சில இங்கே இருக்கின்றன. எழுந்து நின்றாலே தலைசுற்றுகிற மனிதரைப் படிக்கட்டில் இறக்கி ஏற்ற நாங்கள் நாள் குறித்துக் கொண்டிருந்தோம்!

குடும்பச் சந்திப்பில் ஒரு அவதார் இன்னொன்றின் மடியில் போய் உட்கார்ந்தது, சிரிப்பை அடக்கப் பெரும்பாடு. "நாளைக்கு அனுப்பறதா சொன்னீங்களே, இப்போ மாத்தினா என்ன அர்த்தம்? அம்மாவால அப்பாவைத் தூக்க முடியுமா?" என்று மகள் பிடிபிடியென்று பிடித்தார். சமூகப்பணி மாணவர்தான் தாங்கினார். முதலில் சமூக மருத்துவமனையில் நடைப் பயிற்சி, பராமரிப்பாளர் பயிற்சிக்கான மானியம், குளியலறையில் கைப்பிடி பொருத்த, முதியோர் வீடுகளுக்கான வீவகவின் ஈஸ் திட்டம் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். படிக்கட்டு ஏறிக் காட்டிய பிறகுதான் வீடு என்று முடிவானது. மருந்தைப் பற்றி டாக்டரும் ஃபார்மசியும் பேசி மாற்றுவதாகச் சொன்னார்கள்.

பிந்தைய கலந்துரையாடல் நன்றாகவே போனது. கதவோரம் நின்றது தனக்கே தெரியாது என்றார் மருத்துவ மாணவர். திரையில் அவருக்குக் கட்டில் பக்கத்தில்தான் தெரிந்ததாம்.

கருத்துப் படிவத்தை அனுப்பியதும் சாளரம் தானாக மூடிக்கொள்ளும். அதற்கு முன் பங்கேற்பாளர் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். விருந்தினர் கணக்கில் வந்ததால் தங்கைக்கு வருகையே பதிவாகவில்லை. அவள் தந்திரசாலி, படம் எடுத்து வைத்திருந்தாள். அதையும் அதே மூன்று பேருக்கு ஒரே மின்னஞ்சலில் அனுப்பினாள். அன்றைக்கே திருத்திவிட்டார்கள்.