ஓட்டமாவடிப் பழைய பாலமும் வாப்பாவின் ரீப்பைத் துண்டுகளும்

மட்டக்களப்பில் பாலம் என்றாலே கல்லடிப் பாலம்தான் பேச்சில் வரும். 1924 இல் திறக்கப்பட்டு, அன்றைய ஆளுநர் வில்லியம் மானிங்கின் மனைவியின் நினைவாக லேடி மானிங் பாலம் எனப் பெயரிடப்பட்ட அது, முழுநிலாவோடும் பாடும் மீனோடும் சேர்ந்து நாடறிந்ததாகிவிட்டது. அந்தப் புகழ் அதற்குத் தகும். எனினும், நான் பிறந்து வளர்ந்த ஓட்டமாவடியில் வாழைச்சேனைக் களப்பைக் கடந்து செல்லும் பழைய இரும்புப் பாலத்தைப் பற்றி அக்கறையோடு எழுதுவார் குறைவு. வீதியையும் தண்டவாளத்தையும் பல பத்தாண்டுகள் ஒருசேரச் சுமந்த பாலம் அது.

மாகோவில் வடக்குப் பாதையை விட்டுப் பிரிந்து, கல்ஓயாச் சந்தியில் திருகோணமலைக்கு ஒரு கிளையை அனுப்பிவிட்டு, பொலன்னறுவை, வெலிகந்தை, புனாணை, வாழைச்சேனை வழியாக வரும் புகையிரதப் பாதை 1928 இல் மட்டக்களப்பை எட்டியது. அதற்கு முன் கொழும்புக்குப் போக வேண்டுமானால் கரையோரக் கப்பலை எதிர்பார்த்திருக்க வேண்டும். இல்லையேல் காட்டு வழியே நாட்கணக்கில் பயணம் செய்ய வேண்டும். அக்காடு எத்தகையது என்பதற்குப் புனாணையில் மனிதர்களைக் கொன்று திரிந்த சிறுத்தை 1924 இல் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி ஒன்றே போதும்.

இந்தப் பாதைக்கு முன்னே பெருந்தடையாகக் கிடந்த நீர்கள் இரண்டு. ஒன்று மன்னம்பிட்டியில் மகாவலி; மற்றது எங்கள் ஊர்க் களப்பு. இரண்டு இடங்களிலும் இரும்புச் சட்டகப் பாலமே எழுந்தது. இரண்டிலும் வாகனங்களும் புகையிரதமும் ஒரே தளத்தையே பங்கிட்டுக்கொண்டன. காசை மிச்சப்படுத்தத்தான் அப்படிச் செய்தார்கள் என்று சொல்லி நகர்ந்துவிடலாம். ஆனால் அந்தச் சிக்கனத்துக்குள் ஒரு கணக்கு இருப்பதாகவே எனக்குப் படுகிறது. சேற்றிலும் மணலிலும் தூண்களை ஆழ இறக்குவதுதான் இத்தகைய இடங்களில் பெருஞ்செலவு. தூண்கள் நின்றுவிட்டால் நாளுக்குச் சில தடவை மட்டுமே வரும் புகையிரதத்துக்காக அவற்றை வெறுமனே வைத்திருப்பதில் பொருளில்லை. 1954 முதல் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாவிலிருந்து இந்நாட்டுக்கு வந்த டீசல் எஞ்சின் ஒன்றின் எடையே ஏறத்தாழ 80 தொன். எஞ்சினையும் அதன் பின்னே பெட்டி வரிசையையும் தாங்க வேண்டிய பாலத்துக்கு, நெல் மூட்டை ஏற்றிய லொறியும் ஆட்கள் தொங்கிக்கொண்டு வரும் பஸ்ஸும் பெரிய சுமையல்ல.

சிரமப்பட்டவர்கள் கடப்பவர்கள்தாம். அகலம் ஒரு வாகனத்துக்கே போதுமானதாக இருந்ததால் இக்கரையில் ஒரு வரிசை நின்றால்தான் அக்கரை வரிசை நகரும். கோச்சி (புகையிரதம்) வரும் நேரத்தில் இரண்டு பக்கமும் கேற் விழுந்துவிடும். வாகனச் சக்கரம் தடங்காமல் ஓடுவதற்காகத் தண்டவாளத்தைத் தளத்தின் மட்டத்திலேயே பதித்திருந்தார்கள். ஆனால் புகையிரதச் சில்லின் உள்விளிம்பு ஓடுவதற்குத் தண்டவாளத்தை ஒட்டி ஓர் இடுக்கு விட்டே ஆக வேண்டும். அந்த இடுக்கு சைக்கிள் சில்லை அப்படியே விழுங்கிவிடும். எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது வாப்பாவின் சைக்கிள் முன்பாரில் இருந்தபடி அதில் ஒருமுறை விழுந்து முழங்காலைக் கிழித்துக்கொண்டேன். அதன் பின் பாலம் வந்ததும் வாப்பா இறங்கி உருட்டிக்கொண்டுதான் நடப்பார். அந்த நடையில்தான் பாலத்தைப் பார்க்கப் பழகினேன்.

வாப்பா ஓடாவி, அதாவது மரத்தச்சர். கூரைக்குச் சட்டம் போடுகிறவரின் கண்ணோடு அவர் இரும்பைப் பார்த்தார். இரும்புத் துண்டுகளை ஏன் இப்படிச் சரித்துச் சரித்து வைத்திருக்கிறார்கள் என்று நான் கேட்ட அன்று மாலை, பட்டறையில் ரீப்பை எனும் ஒடுக்கமான கூரைச் சட்டத்தின் நான்கு துண்டுகளை எடுத்து, மூலைக்கு ஓர் ஆணியாக அடித்துச் சதுரமாக்கி என் கையில் தந்தார். தள்ளிப் பார்த்தேன், சதுரம் நோஞ்சானாய்ச் சரிந்தது. பிறகு குறுக்கே ஒரு துண்டை மூலைக்கு மூலை வைத்து அடித்துத் தந்தார். எவ்வளவு அமுக்கியும் அது அசையவில்லை. முக்கோணத்தின் பக்கங்கள் முறியாதவரை அதன் வடிவம் மாறாது என்பதைப் பள்ளிக்கூடத்துக்கு முன்பே அந்த ரீப்பைத் துண்டுகளில் தெரிந்துகொண்டேன். பாலத்தின் இரு பக்கங்களிலும் எழும் சட்டகங்கள் அந்த முக்கோணங்களின் தொடர்தான்: பாரம் ஏறும்போது மேல் உத்தரம் நெரிபடுகிறது, கீழ் உத்தரம் இழுபடுகிறது, இடையிலுள்ள சரிவுத் துண்டுகள் சுமையைப் படிப்படியாகக் கைமாற்றித் தூணில் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. இவை சேரும் இடங்களில் தறையாணிகள். பழுக்கக் காய்ச்சி அடித்த தறையாணி ஆறும்போது சுருங்கித் தகடுகளை இறுக்கிப் பிடிக்கும். மரத்தில் அப்படியோர் இறுக்கம் கிடைக்காது என்று வாப்பா ஏக்கத்தோடு சொல்வார்.

பாலத்தின் நுனியில், கரைச்சுவருக்கும் இரும்புக்கும் நடுவே, விரலை நுழைக்கக்கூடிய ஓர் இடைவெளி உண்டு. அது உடைப்பு என்றே நான் நினைத்திருந்தேன். "வெயிலுக்கு இரும்பு நீளும் மகன், அதுக்கு இடம் விட்டு வச்சிருக்கு" என்றார் வாப்பா. பின்னாளில் கணக்கிட்டுப் பார்த்தேன்: 50 மீற்றர் நீளமான இரும்பு உத்தரம், வெப்பம் 30 பாகை கூடினால் சுமார் 18 மில்லிமீற்றர் நீளும். இரு முனைகளையும் இறுக்கிக் கட்டிவிட்டால் அந்த நீட்சி தூணைத் தள்ளும், அல்லது உத்தரத்தை நெளிக்கும். ஆகவே இவ்வகைப் பாலங்களில் ஒவ்வோர் உத்தரத்துக்கும் ஒரு முனையைப் பிணைத்து, மறுமுனையை நகரக்கூடிய தாங்கியில் வைப்பார்கள். கோடையின் நண்பகலுக்கும் மாரியின் விடியலுக்கும் இடையே பாலம் இப்படி நகர்ந்துகொண்டேயிருக்கிறது.

மாதுறு ஓயாவின் மாரி வெள்ளமெல்லாம் இந்தக் களப்பின் வழியே கடலை நாடுகிறது. 1957 டிசம்பர் வெள்ளத்தையும், 1978 நவம்பர் 23 ஆம் திகதிச் சூறாவளியையும், 2011 ஜனவரி வெள்ளத்தையும் இந்த மாவட்டம் கண்டது. போர்க்காலத்தில் புகையிரதமே நின்றுபோயிருந்த ஆண்டுகளும் உண்டு. மன்னம்பிட்டியில் 2007 இல் ஜப்பானிய உதவியுடன் தனி வீதிப்பாலம் திறக்கப்பட்டது. போர் ஓய்ந்தபின் எங்கள் ஊரிலும் கொங்கிறீற்றுப் பாலம் வந்து, வாகனங்கள் அதற்கு மாறின. இரும்புப் பாலம் புகையிரதத்துக்கு மட்டுமானது.

சென்ற மாதம் நீர் வற்றிய வேளையில் கரையோரமாக இறங்கிப் பார்த்தேன். உப்பு நீர் தெறிக்கும் உயரம் வரை தறையாணித் தலைகள் துருவேறிப் பொருக்காகியிருந்தன. அதற்கு மேலே பழைய பெயின்ற் இன்னும் பிடித்திருந்தது. நுனி இடைவெளியில் மண் அடைந்து புல் முளைத்திருந்தது. கையில் கிடைத்த தடியால் என்னால் முடிந்தவரை அதைக் கிளறி எடுத்தேன். அந்த இடைவெளியைத் துப்புரவாக வைத்திருப்பதும், உப்பேறிய இரும்பைச் சுரண்டிப் பெயின்ற் பூசுவதும் பெரிய வேலைகள் அல்ல. புதுப் பாலம் ஒன்றின் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமேயில்லை. நான் மேலேறி வரும்போது மட்டக்களப்புக் கோச்சி மெதுவாகப் பாலத்தில் ஏறியது. கரைச்சுவரில் வைத்திருந்த என் கை அதிர்ந்தது.