பொடி அரைக்கக் கடன் கேட்டால், "வீட்டுக்காரரை வரச் சொல்லுங்க"

மசாலாப் பொடி அரைக்கிற என் தொழிலுக்குக் கடன் கிடைத்து, மிஷின் இறங்கி, ஓடவும் ஆரம்பித்துவிட்டது. ஆனாலும் அந்த வங்கியை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை. எங்கள் விருதுநகர் மாவட்டத்தில் சாம்பார் பொடி, இட்லிப் பொடி என்று வீட்டிலேயே அரைத்து விற்கும் பெண்கள் நிறையப் பேர். கொஞ்சம் பெரிதாகச் செய்யலாம் என்று இறங்கும்போது எங்கே மாட்டுவோம் என்பது அவர்களுக்குத் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்கிற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவில் சிக்கலே இல்லை. நம்மைப் போல் சின்ன அளவில் செய்தால் பதிவு மட்டும் போதும், கட்டணமும் ரொம்பக் குறைவுதான். குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவுக்கு அதுவும் கிடையாது, முழுக்க இலவசம். அரசு தளம் போலவே தோற்றத்தில் பணம் கேட்கும் தளங்கள் இருக்கின்றன, ஏமாந்துவிடாதீர்கள்.

கடனுக்கு நான் போனது பி.எம்.எஃப்.எம்.இ. என்கிற, குறு உணவுத் தொழில்களுக்கான மத்திய அரசுத் திட்டத்தில். ஏற்கெனவே நடக்கிற உணவுத் தொழிலுக்கும் இதில் மானியம் இருந்தது. திட்டச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம். கையிலிருந்து 10 சதவீதம் போட வேண்டியிருந்தது. வறுக்கிற மிஷின், பொடி அரைக்கிற பல்வரைசர், பாக்கெட் போடுகிற மிஷின் என்று 6 லட்சத்துக்குக் கொட்டேஷன் வாங்கினேன். திட்ட அறிக்கையை மாவட்ட வள நபர், அதாவது விண்ணப்பத்துக்கு உதவ இந்தத் திட்டத்தில் வைத்திருக்கும் ஆள், போட்டுத் தந்தார். அவருக்குச் சம்பளம் திட்டத்திலிருந்தே போகிறது, நாம் ஒரு பைசா தர வேண்டாம். "மானியம் வாங்கித் தர்றேன், பர்சென்டேஜ் குடுங்க" என்று யாராவது வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

வங்கியில்தான் ஆரம்பித்தது. மேலாளர் ஃபைலைத் திறக்கவே இல்லை. "உங்க வீட்டுக்காரர் என்னம்மா பண்றார்?" லாரி ஓட்டுகிறார், லைனுக்குப் போனால் வாரக்கணக்கில் வரமாட்டார் என்றேன். "அவர் வந்ததும் கூட்டிட்டு வாங்க, அவர்கிட்ட பேசிக்கிறேன்."

"சார், தொழில் என்னோடது, லைசென்ஸ் என் பேர்ல இருக்கு. கேக்குறதை என்கிட்டயே கேளுங்க" என்றேன். ஒரு கிலோ மிளகாய் வத்தலைக் காம்பு கிள்ளி, காயவைத்து, அரைத்துச் சலித்தால் எவ்வளவு கழியும், பாக்கெட்டுக்கு அடக்கவிலை என்ன, எந்தக் கடை எவ்வளவு எடுக்கிறது, எல்லாம் நோட்டுப் போட்டு வைத்திருந்தேன். அதில் ஒரு கேள்விகூட வரவில்லை. வீட்டுப் பத்திரம் இருக்கிறதா என்பதுதான் அடுத்த கேள்வி. குறு, சிறு தொழிலுக்கு இந்த அளவுக் கடனுக்குச் சொத்து அடமானம் கேட்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. அதைச் சொன்னதும் அவர் முகம் மாறியது.

அடுத்த முறை போனபோது சிபில், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று பார்க்கும் ஸ்கோர். என் பெயரில் கடன் வரலாறே இல்லையாம். எப்படி இருக்கும்? கல்யாணமான நாளிலிருந்து என் கழுத்துச் செயினும் வளையலும் எத்தனையோ தடவை அடகுக்குப் போயிருக்கின்றன. நகை என்னுடையது, கடன் மட்டும் அவர் பெயரில். வட்டி கட்டப் போய் வரிசையில் நின்றது நான், ஸ்கோர் ஏறியது அவருக்கு. அன்றைக்கு வந்த கோபம் வங்கியோடு நிற்கவில்லை. நகைக்கடன் வைப்பதாக இருந்தால் உங்கள் பெயரிலேயே வையுங்கள், தவணை தவறாமல் திருப்புங்கள். கடன் அறிக்கையை, சிபில் போல ஸ்கோர் போடுகிற ஒவ்வொரு நிறுவனமும் வருஷத்துக்கு ஒரு தடவை இலவசமாகத் தர வேண்டும், எடுத்துப் பாருங்கள்.

நடையாய் நடந்து அலுத்துப்போய்க் கடைசியில் ஒன்று கேட்டேன்: "முடியாதுன்னா காரணத்தை எழுதிக் குடுத்துருங்க சார்." மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டிய கடமை வங்கிக்கு உண்டு. வாய்ப்பேச்சாகத் திருப்பி அனுப்புவது சுலபம், எழுதித் தருவது அவ்வளவு சுலபமில்லை. கூடவே கலெக்டர் ஆபீஸ் போய், மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கிற முன்னோடி வங்கி மேலாளரிடம் மனுக் கொடுத்தேன். அதற்குப் பிறகு ஃபைல் வேறொரு அதிகாரியிடம் போனது. சின்ன வயதுப் பெண். என் நோட்டை வாங்கி, பக்கம் பக்கமாகப் பார்த்து, கேள்வி கேட்டார். வீட்டுக்காரர் கையெழுத்து இல்லாமலே கடன் சாங்ஷன் ஆனது.

ஆனால் அதற்குள் மாசி, பங்குனி போய்விட்டது. புது வத்தல் வரத்து இருக்கும்போது வாங்கிப் போட்டிருந்தால் வருஷம் முழுக்கத் தாங்கியிருக்கும். சீசன் முடிந்து ஏறின விலைக்குத்தான் மூட்டை எடுத்தேன். அந்த நஷ்டத்துக்கு யாரும் பதில் சொல்லப்போவதில்லை. விண்ணப்பம் கொடுத்த அன்றே தேதி போட்ட ஒப்புகைச் சீட்டுக் கேட்டு வாங்குங்கள்.

மானியம் கையில் வரும் என்று நினைக்காதீர்கள். அது வங்கியிலேயே 3 வருஷம் தனிக் கணக்கில் கிடக்கும், கடன் ஒழுங்காக நடந்தால்தான் வரவு வைப்பார்கள்.

கரண்ட் இணைப்புக்கும் ஒரு பாடு. வீடு மாமனார் பெயரில், அவர் காலமாகி வருஷங்கள் ஆகின்றன. வாரிசுச் சான்று, மாமியாரின் சம்மதக் கடிதம், நாத்தனார் கையெழுத்து என்று அலைந்தேன். வணிக இணைப்புதான் தருவோம் என்றார்கள். குறுந்தொழிலுக்கு III-A(1) என்று தனிக் கட்டணப் பிரிவு இருக்கிறது, வணிகக் கட்டணத்தைவிடக் குறைவு. உத்யம் சான்றைக் காட்டிக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்த தலைவலி பாக்கி. ஒரு பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர் சரக்கை எடுத்துக்கொண்டு, "அடுத்த வாரம் வாங்கக்கா" என்று மாதக்கணக்கில் இழுத்தது. நம்மைப் போல் உத்யம் பதிவு உள்ள உற்பத்தியாளருக்கு எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளில், இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. இதையெல்லாம் எழுதி, உத்யம் எண்ணும் போட்டு, பாக்கிப் புகாருக்கான அரசின் சமாதான் தளத்தில் புகார் கொடுக்கப் போகிறேன் என்று பதிவுத் தபாலில் அனுப்பினேன். அந்த வாரமே கணக்கில் முழுப் பணமும் ஏறியது. இப்போது என் பில் ஒவ்வொன்றிலும் உத்யம் எண்ணையும் பணம் தர வேண்டிய கடைசித் தேதியையும் அச்சடித்துவிடுகிறேன். அந்தக் கடைக்குச் சரக்கு இப்போதும் போகிறது, ரொக்கத்துக்கு மட்டும்.