அத்தைக்கு டிஸ்சார்ஜ்

ஜூலை 9

ரவுண்ட்ஸ் முடிந்ததும் டாக்டரம்மா தனியே கூப்பிட்டார். குணமாகாத நோயாளிகளைக் கடைசிக் காலத்தில் அவதியில்லாமல் பார்த்துக்கொள்ளும் ஹாஸ்பிஸில் தனியே கூப்பிட்டால் எதற்காக இருக்கும்? மனதைத் திடப்படுத்திக்கொண்டுதான் போனேன். "உங்க மாமியாரை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதைப் பத்தி யோசிங்க" என்றார்.

சேர்த்தபோது அத்தையால் படுக்கவே முடியாது. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் தூக்கம். காலை அமுக்கினால் விரல் பதிந்த குழி அப்படியே நிற்கும். எக்கோ ஸ்கேனில் இதயத்தின் பம்பிங் வெறும் 20 சதவீதம். வீட்டுக்கும் ஐசியூவுக்குமாக அலைந்து, கடைசி முறை மூச்சுக்காக முகத்தில் இறுக்கிக் கட்டிய மாஸ்க்கோடு இரண்டு ராத்திரி கிடந்துவிட்டு, "போதும் கண்ணு, இனி என்னை அங்க தூக்கிட்டுப் போகாதீங்க" என்று சொல்லிவிட்டார். அப்படித்தான் இங்கே வந்தோம்.

இங்கே பெரிய வைத்தியம் ஒன்றும் நடக்கவில்லை. நீர் பிரியும் மாத்திரை வேளை தவறாமல். தினமும் காலையில் எடை. தண்ணீர், காபி, ரசம் எல்லாம் சேர்த்து ஒன்றரை லிட்டர். உப்பு குறைவு. மூச்சுத் திணறலுக்கு மிகக் கொஞ்சமாக மார்ஃபின். தூங்கினார். தூக்கம் வந்ததும் பசி வந்தது. பசி வந்ததும் வாய் வந்துவிட்டது. ரசத்தில் உப்பில்லை என்று சமையல்கார அம்மாவிடம் நேற்று ஒரு சண்டை.

"அப்போ குணமாயிடுச்சா டாக்டர்?"

"இல்லம்மா. இதயம் அப்படியேதான் இருக்கு. இப்ப நாங்க செய்யறதை நீங்களே வீட்ல செய்யலாம், அவ்வளவுதான். பெட்டுக்குக் காத்திருக்கறவங்களும் இருக்காங்க."

கடைசி வாக்கியத்தை அவர் மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

ஜூலை 10

நியூ ஜெர்சியில் இருக்கும் நாத்தனாரிடம் சொன்னபோது அவள் ஆச்சரியப்படவில்லை. அங்கே இது சட்டத்திலேயே இருக்கிறதாம். நோய் அதன் போக்கில் போனால் ஆறு மாதமோ அதற்குக் குறைவோதான் என்று இரண்டு டாக்டர்கள் எழுதிக் கொடுத்தால்தான் மெடிகேர் என்ற அரசு இன்ஷூரன்ஸ் ஹாஸ்பிஸுக்குப் பணம் கொடுக்கும். முதலில் 90 நாள், மறுபடி 90 நாள், அப்புறம் 60 நாள் 60 நாளாக நீட்டிக்கொண்டே போகலாம். ஒவ்வொரு தடவையும் டாக்டர் மறுபடி எழுத வேண்டும். உடம்பு தேறிவிட்டால் வெளியே அனுப்பிவிடுவார்கள். நோயாளிக்கே மனசு மாறினால், கையெழுத்துப் போட்டு எப்போது வேண்டுமானாலும் விலகலாம். தகுதி இருந்தால் திரும்பவும் சேரலாம்.

இங்கே அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. ஒரு டிஸ்சார்ஜ் சம்மரி, ஒரு மருந்துச் சீட்டு. நான் கேட்டது ஒன்றே ஒன்று: மறுபடி முடியாமல் போனால் சேர்த்துக்கொள்வீர்களா? "பெட் இருந்தா கட்டாயம். இல்லாட்டி நர்ஸை வீட்டுக்கு அனுப்பறோம்." அதையும் சம்மரியிலேயே எழுதி வாங்கிக்கொண்டேன். வாய்வார்த்தை ராத்திரி இரண்டு மணிக்கு உதவாது.

ஜூலை 12

சொந்தக்காரர்கள் பாடுதான் வேடிக்கை. எல்லோரும் வந்து, அழுது, ஆப்பிள் கொடுத்து, விடைபெற்றுப் போனவர்கள். சின்ன மாமா மேட்டூரில் காரியத்துக்கு ஐயர் வரை பேசி வைத்திருந்தார். இப்போது அவர் குரலில் சந்தோஷமா ஏமாற்றமா என்றே தெரியவில்லை. "அப்பவே அவசரப்பட்டு அங்க சேர்த்துட்டீங்க" என்கிறார். அங்கே சேர்த்ததால்தான் தேறினார் என்பது அவர் மண்டையில் ஏறவில்லை. கடைசியில், "எதுவா இருந்தாலும் ஆடி பொறக்கறதுக்குள்ள வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடுங்க" என்று முடித்தார்.

ஜூலை 13

இன்றைய பேச்சைக் கொஞ்சம் விரிவாகவே எழுதி வைக்கிறேன்.

அத்தை முன்பே உயில் மாதிரி ஒன்று எழுதியிருந்தார்: ஐசியூ வேண்டாம், செயற்கைச் சுவாசம் வேண்டாம். உச்ச நீதிமன்றம் 2018-ல் இதை அனுமதித்தது. 2023-ல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சி, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி போதும். எழுதியவர் தெளிவாக இருக்கும்வரை மாற்றலாம், ரத்தும் செய்யலாம்.

என் வீட்டுக்காரருக்கு அதைக் கிழித்துப் போட்டுவிட வேண்டும். "அம்மாதான் எந்திரிச்சு நடக்கறாங்களே. இனிமே எது வந்தாலும் எல்லா வைத்தியமும் பார்க்கணும்" என்று கட்டிலைப் பிடித்தபடி நின்றார். டாக்டரம்மா அவருக்குப் பதில் சொல்லாமல் அத்தை பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா."

அத்தை கொஞ்ச நேரம் போர்வை நூலைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"நீர் ஏறிக்கிச்சுன்னா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. ஊசி போடட்டும். அந்த மாஸ்க்கு... ரெண்டு நாள்ல கழட்டிடுவாங்கன்னா பொறுத்துக்கறேன். தொண்டையில குழாய் மட்டும் வேண்டாம். அதுல மாத்தமில்ல."

இவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீ சும்மா இருடா" என்றார் அத்தை.

மூச்சு முட்டிக்கொண்டிருந்தபோது எல்லாமே வேண்டாம் என்றவர், மூச்சு வந்ததும் எது வேண்டும் எது வேண்டாம் என்று பிரித்துச் சொல்கிறார். இரண்டுமே அவர் சொன்னதுதான். இந்தக் கேள்வியை ஒரே தடவையோடு நிறுத்திவிடக் கூடாது என்பது என் கட்சி. பழைய தாளை ரத்து செய்து, திங்கட்கிழமை நோட்டரி முன்னால் புதிதாக எழுத ஏற்பாடு.

ஜூலை 15

வீட்டு முன்னறையில்தான் கொலுசுப் பட்டறை. பற்றவைக்கிற புகை அத்தைக்கு ஆகாது. பின்கட்டில் என் தையல் மெஷின் இருந்த அறையைக் காலி செய்தோம். வாடகைக் கட்டில், ராத்திரிக்கு ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர், கரண்ட் போனால் என்ன செய்வது என்று ஒரு இன்வெர்ட்டர். எடை மெஷின் சொந்தமாகவே வாங்கியாயிற்று. அரசின் மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வரும் பாலியேட்டிவ் (வேதனை தணிக்கும் சிகிச்சை) நர்ஸிடமும் பெயர் பதிந்தாயிற்று.

ஜூலை 16

வந்துவிட்டோம். மார்ஃபின் 10 மில்லிகிராம் மாத்திரையில் கால் பங்குதான். அதை உடைப்பதற்குள் கண் பிதுங்குகிறது. கூடவே மலச்சிக்கலுக்கு மருந்து கட்டாயம். மார்ஃபின் மாத்திரை எண்ணிக்கையை எழுதி வைக்க வேண்டும், மிச்சமானால் திருப்பித் தர வேண்டும். கிட்னியும் சுமார் என்பதால், அளவுக்கு மீறித் தூங்கி வழிந்தால் உடனே போன் செய்யச் சொன்னார்கள்.

ராத்திரி எழுந்து எழுந்து பார்த்தேன். ஹாஸ்பிஸில் அந்த வேலையை நைட் சிஸ்டர் பார்த்தார். மற்ற எதையும் ஈடுகட்டிவிடலாம் போலிருக்கிறது, அதை மட்டும் முடியவில்லை.

ஜூலை 17

ஆடி ஒன்று. தெருவெல்லாம் தேங்காய் சுடுகிறார்கள். பொட்டுக்கடலை, எள், வெல்லம், அவல் எல்லாம் அடைத்தது அத்தைதான். கை நடுங்கியதால் தேங்காய்க் கண்ணின் வழியே போடுவதற்குள் பாதி மடியில். அழிஞ்சிக் குச்சியில் குத்தி நாங்கள் தெருக்கோடியில் சுட்டோம். புகை வராதபடி ஜன்னலைச் சாத்தி வைத்ததில் அவருக்குக் கோபம்.

ஜூலை 26

மூன்று நாளில் எடை இரண்டு கிலோவுக்கு மேல் ஏறிவிட்டது. கணுக்கால் மறுபடி மினுமினுக்கிறது. விசாரித்தால், பக்கத்து வீட்டுக் கருவாட்டுக் குழம்பு! போனிலேயே டாக்டரம்மா நீர் மாத்திரையைக் கூட்டினார், நாளைக்கு நர்ஸ் வருகிறார். இவர் உடனே, "திரும்பவும் அங்கேயே சேர்த்துடலாமா?" என்றார். அத்தை: "இப்ப வேண்டாம். முடியலைன்னா நானே சொல்றேன்."

அவர் மனசெல்லாம் ஏற்காடு மலையில் நாகலூரில் இருக்கிறது. பிறந்த வீடு, தம்பியின் காபித் தோட்டம். ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், காற்றில் ஆக்சிஜன் குறைவு, எடை நிலையாக நின்றால் ஆவணியில் பார்க்கலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். 20 கொண்டை ஊசி வளைவு ஆகாது என்றால் குப்பனூர் வழி இருக்கிறது. வண்டிக்கு ஒரு சின்ன சிலிண்டர் வாடகைக்குக் கிடைக்குமா என்று விசாரிக்க வேண்டும்.