மார்க்கர் இல்லாத மைதானத்தில் 400 மீட்டர் டிராக் போட்ட விவரம்

எங்கள் அரசுப் பல்கலைக்கழகத்தில் கடைசி மார்க்கர் (மைதானத்தில் கோடு போடும் ஊழியர்) ஓய்வு பெற்றபின் அந்த இடம் நிரப்பப்படவில்லை. மைதானத்தைப் பார்த்துக்கொண்ட தொகுப்பூதிய ஊழியர்களையும் ஒப்பந்தம் முடிந்ததும் திரும்ப எடுக்கவில்லை. மைதானம் இருக்கிறது, டேப் இருக்கிறது, மாணவர்களிடம் விளையாட்டுக் கட்டணமும் வாங்குகிறார்கள். டிராக் போடத் தெரிந்த கைதான் இல்லாமல் போயிற்று. ஸ்போர்ட்ஸ் டே நின்றுவிடக் கூடாது என்று கௌரவ விரிவுரையாளர்களும் மாணவர்களும் சேர்ந்து புல்தரையில் ஆறு லேன் டிராக் போட்டோம். வேறு வளாகங்களிலும் இதே நிலைமை இருப்பதால் அளவுகளோடு எழுதி வைக்கிறோம்.

ஆட்குறைப்பு தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குப் புதிதல்ல. 2013-இல் தனிச் சட்டம் மூலம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை அரசு ஏற்ற பிறகு, உபரி என்று கணக்கிடப்பட்ட ஆசிரியர்களும் ஊழியர்களும் அரசுக் கல்லூரிகளுக்கும் பிற துறைகளுக்கும் அனுப்பப்பட்டார்கள். 2022-இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் நிதி நெருக்கடியில் 136 தற்காலிக ஊழியர்களை நிறுத்தியது. வகுப்பெடுக்க ஆசிரியர் இல்லையென்றால் அன்றைக்கே தெரிந்துவிடும். மைதானத்து ஆள் இல்லாதது ஸ்போர்ட்ஸ் டே நோட்டீஸ் ஒட்டும்வரை யார் கண்ணிலும் படாது.

முதலில் இடம். ஆறு லேனுக்கு நீளவாக்கில் 172.23 மீட்டர், குறுக்கே 87.84 மீட்டர் வேண்டும். சுற்றிலும் ஒரு மீட்டராவது விட்டால்தான் வெளி லேனில் ஓடுபவர் வேலியில் மோதமாட்டார். புல்லை ஒட்ட வெட்டி, ரோலர் விட்டு, கல்லையும் கண்ணாடிச் சில்லையும் பொறுக்கிவிட வேண்டும். அளப்பதைவிட இதற்குத்தான் அதிக ஆள் பிடிக்கும். விடுதி மாணவர்களை விடியற்காலையில் கூப்பிட்டால் வருவார்கள்.

சாமான்கள்: 50 மீட்டர் ஸ்டீல் டேப் இரண்டு, 30 மீட்டர் டேப் ஒன்று, 12 எம்எம் கம்பியில் ஒன்றரை அடிக்கு வெட்டிய முளைகள் இருபது, ஆறு அங்குல ஆணி எழுபது, சுத்தியல், நைலான் நூல், வெள்ளைப் பொடி. துணி டேப்பும் ஃபைபர் டேப்பும் இழுத்தால் நீளும்; ஆரம் அளக்க அவற்றைத் தொடவே கூடாது. ஸ்டீல் டேப்பும் வெயிலில் கொஞ்சம் நீளும்: 20 டிகிரி சூடு ஏறினால் 100 மீட்டருக்கு 2 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். அதனால் அளவு வேலையைக் காலையிலேயே முடித்துவிட்டு, பொடி போடுவதை மாலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

இனி முக்கியமான இடம். உடற்கல்விப் பாடநூல்களில் வளைவின் ஆரம் 36.50 மீட்டர், நேர்பகுதி 84.39 மீட்டர் என்றிருக்கும். அந்த அளவு, உள்விளிம்பில் மேடாகக் கெர்ப் கட்டிய டிராக்குக்கு உரியது. கெர்ப் இருந்தால் ஓட்டத் தூரத்தை அதிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி அளப்பார்கள். வெறும் கோடு என்றால் 20 சென்டிமீட்டர் தள்ளித்தான் கணக்கு. புல்தரையில் பொடிக்கோடு போட்டு 36.50 என்றே வைத்தால் ஒரு சுற்று 399.37 மீட்டர்தான் வரும். 63 சென்டிமீட்டர் குறைவு. 1500 மீட்டரில் இரண்டு மீட்டருக்கு மேல் போய்விடும். அதில் எடுத்த நேரத்தை நம்பி ஒரு பிள்ளையை பல்கலைக்கழக அணித் தேர்வுக்கு அனுப்புவது அநியாயம். எனவே கெர்ப் இல்லாத இடத்தில் ஆரத்தை 36.60 என்று வையுங்கள். நேர்பகுதி அதே 84.39. கணக்கு சரியாக 400 வரும்.

மைதானத்தின் நடுவில் நீளவாக்கில் ஒரு நூல் கட்டி, 84.39 மீட்டர் இடைவெளியில் இரண்டு முளை அடிக்க வேண்டும். இவைதான் இரு வளைவுகளின் மையங்கள். ஒவ்வொரு மையத்திலிருந்தும் இரு பக்கமும் செங்குத்தாக 36.60 மீட்டர் அளந்து முளை அடித்தால் நான்கு மூலை கிடைக்கும். செங்கோணம் எடுக்க 3-4-5 முக்கோணம் போதும், ஆனால் சின்னதாகப் போட்டால் பிழை தூரத்தில் பெருகும். 18, 24, 30 மீட்டர் என்று பெரிதாகப் போடுங்கள். நான்கு மூலையும் வந்தபின் எதிரெதிர் மூலைகளுக்கு இடையிலான இரண்டு குறுக்களவையும் எடுத்துப் பாருங்கள், இரண்டுமே 111.71 மீட்டர் இருக்க வேண்டும். ஒன்று கூடி மற்றது குறைந்தால் செங்கோணம் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதைச் சரிசெய்யாமல் மேலே போனால் வளைவும் நேர்கோடும் சேரும் இடத்தில் முட்டு விழும்.

வளைவுக்கு டேப்பின் வளையத்தை மைய முளையில் மாட்டிச் சுற்றுவோம். இங்கே கவனிக்க வேண்டியது, டேப்பில் பூஜ்யம் எங்கே தொடங்குகிறது என்பது. சில டேப்பில் வளையத்தின் வெளிநுனியே பூஜ்யம், சிலவற்றில் கொஞ்சம் தள்ளி அச்சிட்டிருக்கும். முளையின் நடுவிலிருந்து அளவு வரும்படி கழித்தோ கூட்டியோ கொள்ள வேண்டும். ஆரத்தில் ஒரு சென்டிமீட்டர் பிசகினால் ஒரு சுற்றில் 6 சென்டிமீட்டருக்கு மேல் பிசகும். மைய முளையை ஒருவர் மிதித்துப் பிடித்தே இருக்க வேண்டும். மண் ஈரமாக இருந்தால் டேப்பை இழுக்க இழுக்க முளை சாயும்.

இரண்டு மீட்டருக்கு ஒரு ஆணி அடித்து, ஆணிகளை ஒட்டி நூல் கட்டினால் வளைவு ஒழுங்காக வரும். உள்கோட்டு வளைவுக்கு அறுபது ஆணி, கடைசிக் கோட்டு வளைவுக்கு எழுபது ஆணி பிடிக்கும். அதையே பிடுங்கி அடுத்த கோட்டுக்கு அடிக்கலாம். லேன் அகலம் 1.22 மீட்டர். ஆறு லேனுக்கு ஏழு கோடு, அவற்றின் ஆரங்கள்: 36.60, 37.82, 39.04, 40.26, 41.48, 42.70, 43.92. ஒவ்வொரு முறையும் மையத்திலிருந்தே அளக்க வேண்டும். முந்தைய கோட்டிலிருந்து 1.22 வைத்துக்கொண்டே போனால் சின்னச் சின்னப் பிழை சேர்ந்து ஆறாவது லேன் கோணலாகிவிடும். கோட்டின் அகலம் 5 சென்டிமீட்டர். அது எப்போதும் நூலுக்கு உள்பக்கம் விழ வேண்டும், ஏழு கோட்டுக்கும் இதுதான் விதி. நூலின் நடுவில் பொடியைக் கொட்டினால் அளந்ததெல்லாம் இரண்டரை சென்டிமீட்டர் வெளியே நகர்ந்துவிடும்.

மார்க்கிங் வண்டி துருப்பிடித்துக் கிடந்தால் கவலையில்லை. இரண்டு ரீப்பர் கட்டைகளை 5 சென்டிமீட்டர் இடைவெளியில் இணையாக அடித்து, நடுவில் சல்லடையால் சலித்துக்கொண்டே நகர்த்தலாம். மெதுவாகத்தான் நடக்கும், ஆனால் கோடு கத்தரித்த மாதிரி இருக்கும். சுட்ட சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம். வியர்வை பட்டால் தோலைப் பொத்துவிடும், கண்ணில் விழுந்தால் பார்வைக்கே ஆபத்து. கோலமாவு விற்பவர்களிடம் வெள்ளைக்கல் பொடி மூட்டையாகக் கிடைக்கிறது, அதுவே பாதுகாப்பு. ஏழு கோடும் சேர்த்து மூன்று கிலோமீட்டரை நெருங்கும்; 25 கிலோ மூட்டை ஆறிலிருந்து எட்டு பிடிக்கும். மழை வந்து அழித்தால் திரும்பப் போட இரண்டு மூட்டை தனியே வைக்க வேண்டும்.

அடுத்து ஸ்டேகர், அதாவது வெளி லேன்களின் தொடக்கக் கோட்டை முன்தள்ளி வைப்பது. இங்கும் பாடநூல் அட்டவணை காலை வாரும். இரண்டாம் லேனுக்கு 7.04, மூன்றாவதற்கு 14.70 என்று மனப்பாடம் செய்திருப்போம். அது கெர்ப் உள்ள டிராக்குக்கு. பொடிக்கோட்டு டிராக்கில் எல்லா லேனையும் 20 சென்டிமீட்டரிலேயே அளப்பதால் 400 மீட்டருக்கான முன்தள்ளல் இப்படி வரும்: இரண்டாம் லேன் 7.67, மூன்று 15.33, நான்கு 23.00, ஐந்து 30.66, ஆறு 38.33. பழைய 7.04-ஐ வைத்தால் இரண்டாம் லேன் முதல் ஆறாம் லேன்வரை எல்லாரும் முதல் லேன்காரரைவிட 63 சென்டிமீட்டர் அதிகம் ஓட நேரும். 200 மீட்டருக்கு இதில் பாதி.

இந்தத் தூரத்தை லேனின் உள்கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி, வளைவோடு வளைவாக அளக்க வேண்டும். டேப்பை வளைத்து வைக்கக் கஷ்டமாக இருந்தால் நாண் அளவு கைகொடுக்கும். ஃபினிஷ் லைன் நேர்பகுதி முடிந்து வளைவு தொடங்கும் இடத்தில் இருக்கிறது என்று கொண்டு, அங்கிருந்து லேனின் உள்கோட்டின் மேல் நேராக டேப்பைப் பிடித்தால் இரண்டாம் லேனுக்கு 7.61, மூன்றாவதற்கு 15.16, நான்காவதற்கு 22.58 மீட்டர். பொடி போடுமுன் ஆணி அடித்து, இன்னொரு குழு தனியாக அளந்து பார்க்கட்டும். ஒரே ஆள் அளந்து அவரே சரிபார்ப்பது வேண்டாம்.

100 மீட்டருக்கு 84.39 போதாது; நேர்பகுதியைப் பின்னால் நீட்ட வேண்டும். ஸ்டார்ட்டுக்குப் பின்னால் 3 மீட்டர், ஃபினிஷுக்கு அப்பால் 17 மீட்டர் காலியிடம், ஆக மொத்தம் 120 மீட்டர். வேகமாக வருபவர் நிற்க அந்த 17 மீட்டர் கட்டாயம். பரிசு மேடையைக் கொண்டுபோய் அங்கே போடும் பழக்கத்தை எப்படியாவது தடுங்கள்.

4×100 ரிலேயில் பேட்டன் மாற்றும் பகுதி இப்போது 30 மீட்டர். 20 மீட்டர் பகுதி, அதற்குப் பின்னால் 10 மீட்டர் வேகமெடுக்கும் இடம் என்ற பழைய முறை மாறி, எல்லாம் ஒரே பகுதியாகிவிட்டது. 4×400-க்கு அதே 20 மீட்டர்தான்.

எறிதல் பக்கம் எளிது. குண்டு வட்டத்தின் விட்டம் 2.135 மீட்டர், வட்டு 2.50. இரண்டுக்கும் எல்லைக்கோட்டின் கோணம் 34.92 டிகிரி, கோணமானி தேட வேண்டியதில்லை. வட்டத்தின் மையத்திலிருந்து 20 மீட்டர் தள்ளி இரு புள்ளிகளுக்கு இடையே 12 மீட்டர் இருந்தால் கோணம் தானே வரும். ஈட்டிக்கு 20 மீட்டரில் 10 மீட்டர். ஸ்டோர் ரூம் குண்டுகளை மளிகைக் கடைத் தராசில் வைத்தாவது எடை பாருங்கள்: ஆண்களுக்கு 7.26 கிலோ, பெண்களுக்கு 4 கிலோ.

அடுத்த ஆண்டு இந்தப் பாடு பாதியாகக் குறைய ஒரு வழி உண்டு. இரண்டு மைய முளைகளையும் பிடுங்காமல், ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி வெட்டி, சிமென்ட் கான்கிரீட்டில் கம்பியை நிறுத்திப் புதைக்க வேண்டும். கம்பியின் நுனி தரைமட்டத்துக்கு இரண்டு அங்குலம் கீழே இருக்கட்டும். மேலே இருந்தால் விளையாடுபவர் காலைக் கிழிக்கும். எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க, கட்டடத்தின் இரண்டு நிலையான மூலைகளிலிருந்து தூரம் அளந்து ஸ்டாக் ரிஜிஸ்டரில் எழுதுங்கள். மார்க்கர் ஓய்வு பெற்றபோது அந்த அளவுகள் எந்த ஏட்டிலும் இல்லை.

இப்படி நாமே செய்து முடித்தால், ஆளில்லாமலே நடக்கிறதே என்று இடத்தை ஒரேயடியாக எடுத்துவிடுவார்கள் என்ற பயம் எங்களில் பலருக்கு இருந்தது. நியாயமான பயம். டிராக் போடுவது வருஷத்தில் ஒரு தடவை. தண்ணீர் விடுவது, புல் வெட்டுவது, நீளம் தாண்டும் குழியில் மணலைக் கிளறுவது தினசரி வேலை. குழியில் மணல் இறுகினால் கணுக்கால் போகும். அதைத் தேர்வு எழுதும் மாணவர் தலையில் கட்ட முடியாது. அதனால் செய்த வேலையை, எத்தனை பேர், எத்தனை மணி நேரம் என்று குறித்து உடற்கல்வி இயக்குநர் வழியாகப் பதிவாளருக்குக் கடிதமாகக் கொடுத்து, நகலில் தபால் பிரிவின் முத்திரை வாங்கினோம்.

அதோடு தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)-இன் கீழ் ஒரு மனு போடுங்கள். 10 ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பல்கலைக்கழகப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பலாம். "ஏன் நிரப்பவில்லை" என்று கேட்டால் அது விளக்கம் கேட்பது, தகவல் அல்ல என்று தள்ளிவிடுவார்கள். அனுமதிக்கப்பட்ட மார்க்கர், கிரவுண்ட்ஸ்மேன் பணியிடங்கள் எத்தனை, அவற்றில் காலி எத்தனை, எந்தத் தேதியிலிருந்து, கடந்த மூன்று நிதியாண்டில் வசூலான விளையாட்டுக் கட்டணம் எவ்வளவு, செலவு தலைப்புவாரியாக எவ்வளவு, ஆணைகளின் நகல் என்று ஆவணமாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால், அல்லது அரைகுறையாக வந்தால், அடுத்த 30 நாளுக்குள் பிரிவு 19(1)-இன் கீழ் முதல் மேல்முறையீடு. கையில் கிடைக்கும் காலிப்பணியிடப் பட்டியலைச் சிண்டிகேட் (பல்கலைக்கழக ஆட்சிக்குழு) உறுப்பினர்களுக்கும் ஆசிரியர், அலுவலர் சங்கங்களுக்கும் பட்ஜெட் தயாராகும் முன்பே கொடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு கொடுத்தால் அடுத்த ஆண்டுக்குப் பார்க்கலாம் என்பார்கள்.